பழைய மெத்தைக்குப் பேரீச்சம்பழம் உண்டா?

வீட்டுக்குள் ஜோராக நுழைந்துவிட்டு வெளியே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சாமான்களில் முதல் பரிசு எதற்கு என்று கேட்டால், மெத்தைக்குத்தான் கொடுப்பேன். பழைய பேப்பருக்கு ஆள் வருகிறார். (எங்கள் நாமக்கல் பக்கம் முட்டை அடுக்குகிற அட்டையே பழைய காகிதக் கூழில் செய்ததுதான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பக்கமே நாளைக்கு முப்பது முட்டைகளைச் சுமந்துகொண்டு கேரளாவுக்குப் பயணம் போகலாம், யார் கண்டது!) பழைய இரும்புக்கு ஒரு காலத்தில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், இப்போது ரொக்கமே தருகிறார்கள். ஓட்டைக் குடம், ஓடாத மிக்ஸி, காலி பாட்டில், எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் 'பழைய மெத்தைக்குப் பேரீச்சம்பழம்' என்று எந்தத் தெருவிலாவது யாராவது கூவிக் கேட்டிருக்கிறீர்களா?

எனக்கு இந்தச் சிக்கல் வந்தது போன வருஷம், அப்பா காலமான பிறகு.

நமக்கு ஊர் புதுச்சத்திரம். நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறி, ஜன்னல் காற்றில் கொஞ்சம் கண்ணசந்தால் ஊர் பின்னால் போய்விடும். ஆனால் ரோடு லேசுப்பட்டதல்ல. 7 என்று இருந்து பிறகு 44 என்று நம்பர் மாறிய நேஷனல் ஹைவே. இந்தப் பக்கம் போனால் கன்னியாகுமரி, அந்தப் பக்கம் போனால் காஷ்மீர். அப்பா அந்த ரோட்டில் முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டினார். மாசத்தில் இருபது நாள் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில்தான் தூக்கம். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டு நேரே மெத்தை. "மெத்தையில படுத்தாத்தான் வண்டி நின்னுருச்சுன்னே ஒடம்புக்குத் தெரியுது" என்பார்.

அது இலவம்பஞ்சு மெத்தை. 1981ல் அம்மாவின் கல்யாணச் சீராக வந்தது.

கடைசி எட்டு மாசம் அப்பா படுத்த படுக்கை. முதலில் அந்த மெத்தையில்தான் இருந்தார். நடுவில் குழி விழுந்து, அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது சிரமமாகிவிட்டதால் ஆறு அங்குல ஃபோம் மெத்தை ஒன்று வாங்கினோம். படுக்கைப் புண் வராமல் இருக்க அதன் மேலே ஏர் பெட் ஒன்று போடச் சொன்னார் நர்ஸம்மா. சின்ன மோட்டார் வைத்து, அறை அறையாகக் காற்று ஏறி இறங்கும் சமாசாரம். தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்கி வந்தோம்.

ஆனி மாசம் அப்பா போனார். மெத்தைகள் போகவில்லை.

காரியம் முடிந்த கையோடு ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். "எளவு உளுந்த ஊட்டுல அந்த மெத்தைய வெச்சுக்கிட்டா இருப்பாங்க? சுடுகாட்டோரமாக் கொண்டுபோய்ப் போட்டுப்புடு கண்ணு" என்றது அத்தை. ஏரிக்கரையில் தள்ளிவிடலாம் என்பது சித்தப்பா கட்சி. "இருக்கவே இருக்குது பாழுங் கெணறு" என்றார் ஒரு பங்காளி. எங்கள் பக்கம் தண்ணீர் வற்றிய கிணற்றுக்கெல்லாம் கடைசியில் இந்தக் கதிதான். போர்வெல் வந்த பிறகு கிணறு என்பது வாய் பெரிதான குப்பைத்தொட்டி!

இதில் ஒரு வேடிக்கை. ஏர் பெட்டை மட்டும் சுடுகாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாளே பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் பைக்கில் வந்து, "உங்க ஊட்டுல ஏர் பெட் இருக்குதாமுங்க, எங்க அப்பாருக்கு வேணுமுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். எங்களுக்கு முன்பே அது ரெண்டு வீடு பார்த்த படுக்கை. ரெண்டு வீட்டிலும் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். மோட்டார் வைத்த பொருளுக்குத் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது.

சரி, கொளுத்திவிடலாமே என்றால், அது ரொம்ப மோசம். ஃபோம் மெத்தை என்பது பாலியூரித்தேன். 1937ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற விஞ்ஞானி குழு கண்டுபிடித்த வஸ்து. (பேரைப் பார்த்து ஸ்டாண்டில் தேடவேண்டாம்.) படுத்தால் சுகம், பற்றவைத்தால் விஷம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கிறது. சட்டப்படியும் உதைக்கும். திறந்த வெளியில் குப்பை கொளுத்தினால் ஐந்தாயிரம் ரூபாய், பெரிய அளவில் கொளுத்தினால் இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. ஐந்தாயிரத்துக்குப் புது மெத்தையே வாங்கிவிடலாமே சார்!

போகிக்குச் சென்னைக்காரர்கள் பாயும் தலையணையும் டயரும் கொளுத்தியதில் 2018ல் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க வழி தெரியாமல் திணறியது ஞாபகமிருக்கலாம். எங்கள் கொங்குப் பக்கம் அந்த நாளுக்குக் காப்புக்கட்டு என்று பேர். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வாசலில், தோட்டத்தில், மாட்டுக் கொட்டகையில் செருகுவோம். கொளுத்துவது நமக்கு நடுவில் டி.வி. பார்த்து வந்த பழக்கம் என்பது என் கட்சி.

தள்ளுவண்டியில் குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர் அக்காவைக் கேட்டேன். மெத்தையை ஒரு பார்வை, தன் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "இத ஏத்துனா நான் எங்கீங்க நிக்கறது?" என்றார். நியாயம்தானே!

அடுத்தபடி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். ஒரு கடைக்கு (பேர் வேண்டாம்) போன் போட்டேன்.

"பழைய மெத்தைய நாங்களே வந்து எடுத்துக்கறோம் சார். புதுசுல ஆயிரம் ரூபா குறைச்சுக்கறோம்."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

எதிர்முனையில் நீண்ட மௌனம். பிறகு, "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல சார்" என்றது குரல். ஆபீஸ் போகிறவர்கள் யாருக்கும் இந்தப் பதிலின் அர்த்தத்தை விளக்கவேண்டியதில்லை. ஒன்று, போகிற வழியில் ஏதாவது ஏரி. அல்லது மேலே ஒரு புதுத் துணி போர்த்திக்கொண்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் புது மாப்பிள்ளையாகப் போகும்.

இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்த அம்மா ஒரு ராத்திரி சொன்னார்: "அந்த ஃபோமை என்னமோ பண்ணு சாமி. இலவம்பஞ்சுல மட்டும் கை வெக்காத. அது எங்கய்யன் மரத்துப் பஞ்சு."

எனக்கு அது அதுவரை தெரியாது. கடையில் வாங்கிய சீர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புச்சி தோட்டத்து வரப்பில் இலவமரம் ஒன்று நின்றிருக்கிறது. பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும் சமயம், காற்றுக்கு முந்திக்கொண்டு அம்மாவும் பெரியம்மாவும் பொறுக்கி, கொட்டை நீக்கி, சாக்கில் அடைத்து அட்டாலியில் போடுவார்களாம். மூன்று கோடை சேர்த்த பஞ்சு அது. இலவு காத்த கிளி ஏமாந்தது என்றுதான் பழமொழி. எங்கள் அம்மா காத்திருந்து மெத்தையோடு வந்த கிளி. மரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. அப்புச்சியும் இல்லை, இப்போது அப்பாவும் இல்லை. சுடுகாட்டோரம் போடச் சொன்ன மூட்டைக்குள் இருந்தது இதுதான்.

ராசிபுரத்தில் மெத்தை தைக்கிற பெரியவர் ஒருவரின் நம்பர் கிடைத்தது.

"பாய்ங்களா? மெத்தை விஷயமாப் பேசோணும்..."

"பாய்கிட்ட எல்லாரும் மெத்தையத்தான் கேக்கறாங்க. ஒருத்தராவது பாய் கேக்கறாங்களா பாருங்க தம்பி" என்று சிரித்தார். முப்பது வருஷமாக இதே ஜோக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. பரவாயில்லை, சிரித்து வைத்தேன். ஆனால் உடனே வரமாட்டேன் என்றுவிட்டார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. பஞ்சு நிக்குமா? அப்புறம் ஐப்பசி மழை. மாசி பொறக்கட்டும், வெயில் வந்ததும் வர்றேன்."

ஆக, ஏழு மாசம் அந்த மெத்தை மாட்டுக் கொட்டகைப் பரணில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாய் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார். சாமான்கள் ஒரு பிளேடு, ரெண்டு மூங்கில் குச்சி, ஒரு தராசு, ஒரு சாண் நீள மெத்தை ஊசி. அவ்வளவுதான். வந்ததும் மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று சோதனை. இருந்தால் தொடமாட்டாராம். "ஒரு ஊட்டு மூட்டைய இன்னொரு ஊட்டுக்கு வண்டியில ஏத்திக்கிட்டுப் போற பாவம் நமக்கெதுக்கு?" பழைய மெத்தையைத் தானம் பண்ணக் கிளம்பும் புண்ணியவான்கள் இதை முதலில் கவனிக்கவேண்டும். நாம் படுக்கத் தயங்குவதை ஆசிரமத்துக்குக் கொடுப்பதில் என்ன தர்மம் இருக்கிறது?

அடுத்து மெத்தையைத் தராசில் போட்டு என்னைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினார். பதினெட்டு கிலோ. "எளுதி வெச்சுக்குங்க. பாய் பஞ்சத் திருடிட்டான்னு சாயங்காலம் ஒரு பேச்சு வந்திரும்." ஒரு காலத்தில் வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு நாள் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்களாம். "அந்தக் காலத்துல பஞ்சு தங்கமுங்க. இப்ப அவங்களே ரோட்டுல போடறாங்க" என்றார்.

கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தையலைப் பிரித்தார். உள்ளேயிருந்து வந்தது பஞ்சா, கல்லா என்று சந்தேகம். நாற்பது வருஷ அமுக்கத்தில் கட்டி கட்டியாக இருந்தது. நடுவில் கறைபட்டிருந்த பகுதியை ஒரு கூடையில் தனியே எடுத்து வைத்தார். "இது படுக்கைக்கு ஆவாது. எருக்குழியில போட்ருங்க, மெதுவா மக்கிக்கும்." மற்றதை மொட்டைமாடியில் பழைய கொசுவலைக்கு அடியில் பரப்பி, சாயங்காலம் வரை வெயில். நடுநடுவே குச்சியால் அடி. வில் வைத்து அடிக்கமாட்டீர்களா என்று கேட்டேன்.

"வில்லு பருத்திக்கு. இலவு ரொம்ப மெல்லிசு, வில்லுல போட்டா மாவாப் போயிரும். இதுக்கு வெயிலும் குச்சியும் போதும்."

சாயங்காலம் கொசுவலையைத் தூக்கினால், சார், நம்பமாட்டீர்கள். காலையில் கல்லாக இருந்தது மேகமாக நிற்கிறது! இதில் மாயம் ஒன்றுமில்லை. இலவம் இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறும் குழல், காற்றுதான் நிறைந்திருக்கும். மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. அதனால்தான் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை கப்பல்காரர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் மிதவை அங்கிக்குள் இலவம்பஞ்சைத் திணித்தார்கள். ஜாவாத் தீவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. அந்த மெத்தையைப் பாழுங்கிணற்றில் போடச் சொன்ன பங்காளிக்கு இதைச் சொன்னேன். முழுகாது, மிதந்துகொண்டே இருக்கும். "அப்படீங்களா" என்று எழுந்து போய்விட்டார்.

எடை போட்டதில் பதினைந்து கிலோ. மூன்று கிலோ அந்தக் கூடையும், தூசியுமாகப் போயிருந்தது. பத்து கிலோவில் அம்மாவுக்கு ஒற்றை மெத்தை, மீதியில் ஐந்து தலையணை. துணி மட்டும் புதிதாக எடுத்தோம். நம் பக்கம் துணிக்கா பஞ்சம்? ஓரம் தைத்து, நடுவில் ஊசியை விட்டு மேலும் கீழும் இழுத்து முடிச்சுப் போட்டு, இருட்டுவதற்குள் முடித்துவிட்டார். அம்மா அதில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையால் ரெண்டு தடவை தடவினார். அன்றைக்கு ராத்திரி, அப்பா போனதிலிருந்து வெறும் தரையில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டிருந்தவர், அந்த மெத்தையில் படுத்தார். ஒரு தலையணை அத்தை வீட்டுக்குப் போனது. "மாமனுக்குச் சொல்லிப்போடாத. புதுசுன்னு சொல்லிக்கறேன்" என்று பைக்குள் அமுக்கிக்கொண்டது அத்தை.

ஃபோம் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

விஷயம் இதுதான். இலவம்பஞ்சு மெத்தை என்பது ஒரு பை, உள்ளே பஞ்சு, சுற்றிலும் நூல். நூலை வெட்டினால் தனித்தனி. பிரிப்பதற்கென்றே தைத்தது. இப்போது வருகிற மெத்தையில் ஃபோம், தென்னை நாருக்கு மேல் ரப்பர்ப் பால், ஸ்பிரிங், துணி என்று ஏழெட்டு வகை. எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் குடத்தை உருக்கி வாளி செய்யலாம். ஃபோமை அப்படி உருக்க முடியாது. பொடிப்பொடியாக நறுக்கி, பசை கலந்து, அழுத்தி வேறு கட்டியாக்கலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கனெக்டிகட் என்ற மாநிலத்தில் இதற்கென்றே 2013ல் ஒரு சட்டம் போட்டு 2015ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மெத்தை வாங்கும்போதே பில்லில் ஒரு சின்னத் தொகை சேரும். அந்தப் பணத்தில் பழைய மெத்தைகளைச் சேகரித்துப் பிரிக்கிறார்கள். ஸ்பிரிங் இரும்பு உலைக்கு, ஃபோம் கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் விரிப்புக்கு. கலிபோர்னியாவும் ரோட் ஐலண்டும் அதே வழியில் வந்தன. நெதர்லாந்தில் மெத்தை பிரிக்க மெஷின் வைத்த தொழிற்சாலையே இருக்கிறது. பிறந்த அன்றைக்கே ஈமச் செலவுக்குப் பணம் கட்டுகிற ஏற்பாடு! கேட்க அபசகுனமாக இருக்கும், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

புதுச்சத்திரத்தில் அந்த மெஷினுக்கு எங்கே போவது? நம்மிடம் வேறொன்று இருக்கிறது. லாரி.

நாமக்கல் லாரி பாடி என்றால் தேசம் பூராவும் தெரியும். பாடி கட்டுகிற பட்டறைகள் இருக்கிற இடத்தில் சீட் தைக்கிற குஷன் கடைகளும் இருக்கும். ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு குஷன் கடைக்காரரிடம் கேட்டேன். "உறைய உரிச்சுத் துவைச்சுருங்க. ஃபோமை நாலு நாள் நெழல்ல காத்தாட வையுங்க. நேர் வெயில்ல போட்டீங்கன்னா மஞ்சப் பூத்து உதிர ஆரம்பிச்சுரும். அப்புறம் கொண்டாங்க" என்றார். (இலவத்துக்கு வெயில் மருந்து, ஃபோமுக்கு வெயில் எமன். வாங்கும்போது யாராவது சொன்னார்களா?) யார் படுத்த மெத்தை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "லாரிக்காரர்ங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் பெரிய கத்தியால் இடுப்புப் பக்கம் கறைபட்ட ஒன்றரை அடியை வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தில் ஒரு கேபின் பலகையின் அளவுக்கு ஒரு துண்டும், ரெண்டு கிளீனர் சீட்டும் எடுத்தார். மேலே சிவப்பு ரெக்சின். எனக்குக் காசு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஒன்றரை அடித் துண்டு இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கிறது. மறுசுழற்சிக்கு ஆகாத, ஆனால் எரியக்கூடிய குப்பையைச் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பலாம் என்று 2016ன் திடக்கழிவு விதிகளே சொல்லின. அந்தச் சூளையின் உக்கிரத்தில் விஷமும் எரிந்துவிடும். ஆனால் ஒன்றரை அடித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிமெண்ட் ஆலை வாசலில் போய் நிற்க முடியுமா? ஊர் ஊராகச் சேர்த்து லோடு கட்டி அனுப்ப ஒருத்தர் வேண்டும். அவர் வரும் வரைக்கும் அது பரணில் இருக்கட்டும். ஏரிக்கு அனுப்பமாட்டேன்.

சித்திரையில் ஒரு நாள் குஷன் கடை வழியாக வந்தபோது கடைக்காரர் கை தட்டிக் கூப்பிட்டார். வாசலில் நின்ற லாரியிலிருந்து ஒரு டிரைவர் இறங்கினார். முப்பது வயசு இருக்கும், கண் சிவந்திருந்தது. "இவரு ஊட்டு மெத்தைதான்" என்று அறிமுகம் செய்து வைத்தார் கடைக்காரர். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்குதுங்கண்ணா. ரெண்டு டிரிப்பு டெல்லி போயிட்டு வந்தாச்சு. நீங்க டெல்லி பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"உங்க மெத்தை பாத்திருச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.